வெள்ளியைக் குறைத்த வேந்தர்

"ஜெர்மன் சில்வர்" என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், தாம்பாளம் என்று பார்ப்பதற்கு வெள்ளி போலவே இருக்கும். ஆனால், அதில் வெள்ளி குந்துமணி அளவு கூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றையும் சேர்த்து உருக்கிய கலவை அது. விற்கிறவருக்கும் இது தெரியும். வாங்குகிறவருக்கும் தெரியும். ஆகவே, அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால், 'இது வெள்ளிக் காசு' என்று முத்திரை குத்தி, உள்ளே வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி, ஊர் முழுவதும் புழக்கத்தில் விட்டால்?

அதைத்தான் செய்தார் ஒருவர். அவர் கள்ளக் காசு அடிக்கும் ஆசாமி அல்ல. ஒரு நாட்டின் மன்னர்! அதுவும், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மனியின் மிகச் சிறந்த வெள்ளி நாணயங்களில் ஒன்றை வெளியிட்டுப் பெயர் வாங்கியவர்.

அவர்தான் பிரஷ்யா நாட்டு மன்னர் இரண்டாம் பிரடெரிக். "மகா பிரடெரிக்" என்று வரலாறு அழைக்கும் அரசர்.

தந்தையின் கொடுமை

பிரடெரிக் 1712ஆம் ஆண்டு ஜனவரி 24ந் தேதி பெர்லினில் பிறந்தார். தந்தை முதலாம் பிரடெரிக் வில்லியம் முரட்டு மனிதர். பட்டாளமும் சிக்கனமும் தவிர வேறு எதுவும் அவருக்குப் பிடிக்காது. மகனோ புல்லாங்குழல் வாசிப்பார். பிரெஞ்சு நூல்களைப் படிப்பார். இது தந்தைக்கு எட்டிக்காயாகக் கசந்தது. பலர் முன்னிலையில் மகனை அடித்தார்.

பொறுக்க முடியாமல் 1730ல், 18 வயதில், பிரடெரிக் நாட்டை விட்டு ஓட முயன்றார். பிடிபட்டார். உதவி செய்த நண்பர் காட்டே என்ற இளம் ராணுவ அதிகாரிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் இருந்த பிரடெரிக்கை ஜன்னல் அருகே நிறுத்தி, நண்பரின் தலை வெட்டப்படுவதைப் பார்க்கும்படி செய்தார்கள்.

1740ல் தந்தை இறந்தார். 28 வயதில் பிரடெரிக் அரியணை ஏறினார். தந்தை அவருக்கு விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று, சுமார் 80 ஆயிரம் பேர் கொண்ட படை. மற்றொன்று, கஜானாவில் சுமார் 80 லட்சம் தாலர் வெள்ளிப் பணம்.

பட்டத்துக்கு வந்த உடனே, குற்றவாளிகளைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கும் வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தார். அரசன் என்பவன் நாட்டின் முதல் ஊழியன் என்று எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், ஆஸ்திரியாவின் மரியா தெரசாவுக்குச் சொந்தமான சைலீசியா மாகாணத்தின் மீது படையெடுத்துப் பறித்துக்கொண்டார். சித்திரவதையை ஒழித்தவரும் அவரே. அடுத்தவர் மண்ணைப் பறித்தவரும் அவரே.

14 தாலர்

அந்தக் காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. முன்னூறுக்கு மேற்பட்ட சிற்றரசுகள் இருந்தன. பலவும் தனித்தனியே காசு அடித்தன. ஒரு வியாபாரி நாலு ஊர் போனால் நாலு விதக் காசைக் கையாள வேண்டும். நல்ல வெள்ளிக் காசு வந்தால் மக்கள் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். அல்லது உருக்கி வெளிநாட்டுக்கு விற்றுவிடுவார்கள். மட்டமான காசு மட்டும் சந்தையில் சுற்றும்.

இதைச் சரிசெய்ய 1750ல் பிரடெரிக் ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் பெயர் யோஹான் பிலிப் கிரௌமான். பிரஷ்யாவின் நாணயச் சாலைகள் அனைத்துக்கும் தலைமை இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டார்.

அன்று ஜெர்மனியில் வெள்ளியை நிறுக்க "கொலோன் மார்க்" என்ற எடை வழங்கி வந்தது. அது ஏறத்தாழ 234 கிராம். நம் பழைய கணக்கில் சொன்னால் 20 தோலா. முன்பு ஒரு மார்க் சுத்த வெள்ளிக்கு 12 தாலர் என்று கணக்கு இருந்தது. கிரௌமான் அதை 14 ஆக்கினார். 'ஒரு மார்க் வெள்ளிக்குப் பதினான்கு தாலர். ஒன்று கூடவும் கூடாது, ஒன்று குறையவும் கூடாது' என்பதே அவர் வகுத்த விதி.

இந்தத் தாலரின் எடை 22.27 கிராம். அதில் முக்கால் பங்கு வெள்ளி. கால் பங்கு செம்பு. அதாவது, ஒரு காசில் 16.7 கிராம் சுத்த வெள்ளி. ஒரு தாலருக்கு 24 குரோஷன். ஒரு குரோஷனுக்கு 12 பெனிக். நம் ரூபாய், அணா, பைசா போன்ற கணக்குத்தான்.

காசின் ஒரு பக்கம் மன்னரின் முகம். சுற்றிலும் "பிரஷ்யர்களின் அரசர் பிரடெரிக்" என்று லத்தீன் மொழியில் எழுத்து. மறுபக்கம் முடி சூடிய கழுகு. அதன் கீழே கொடிகள், பீரங்கிகள், முரசுகள். ஆண்டு எண்ணின் நடுவே ஒரு சிறிய எழுத்து. அது எந்த ஊர் நாணயச் சாலை என்பதற்கு அடையாளம். 'ஏ' என்றால் பெர்லின்; 'பி' என்றால் பிரெஸ்லாவ்.

அந்த வழக்கம் இன்றும் சாகவில்லை. ஜெர்மனியில் அடிக்கும் யூரோ நாணயத்தை உற்றுப் பாருங்கள். பெர்லினில் அடித்த காசில் இன்றும் அதே 'ஏ' எழுத்து இருக்கும்.

"தாலர்" என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. பொகீமியாவில் யோஹிம்ஸ்தால் என்ற ஊரில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிச் சுரங்கம் கிடைத்தது. அங்கே அடித்த பெரிய வெள்ளிக் காசு "யோஹிம்ஸ்தாலர்" எனப்பட்டது. பிறகு அது சுருங்கித் "தாலர்" ஆயிற்று. அமெரிக்காவின் "டாலர்" அந்தச் சொல்லின் பேரன்தான்.

போர் வந்தது, வெள்ளி போனது

1756ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ந் தேதி பிரடெரிக் பக்கத்து நாடான சாக்சனிக்குள் படையோடு புகுந்தார். ஏழாண்டுப் போர் தொடங்கியது. ஆஸ்திரியா, பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் ஒன்று சேர்ந்து எதிர்த்தன. பிரஷ்யாவுக்குத் துணை நின்ற பெரிய நாடு இங்கிலாந்து ஒன்றுதான்.

படைக்குச் சம்பளம் வேண்டும். குதிரைக்குத் தீனி வேண்டும். துப்பாக்கி மருந்து வேண்டும். கஜானா கரைந்தது. 1758 முதல் இங்கிலாந்து ஆண்டுக்கு 6 லட்சத்து 70 ஆயிரம் பவுன் உதவிப் பணம் கொடுத்தது. அதுவும் போதவில்லை.

சாக்சனியைப் பிடித்தபோது லீப்சிக் நகரின் நாணயச் சாலையும் பிரடெரிக் கைக்கு வந்திருந்தது. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் போலந்துக்கும் அரசர். எனவே போலந்தில் புழங்கும் காசுகளுக்கான அச்சுகளும் அங்கே கிடைத்தன. அடுத்த வீட்டுச் சாவி கையில் கிடைத்தது போல ஆயிற்று.

பெர்லினைச் சேர்ந்த வைட்டெல் எப்ரயீம், டேனியல் இட்சிக் முதலிய யூத வணிகர்களுக்கு நாணயச் சாலைகளைக் குத்தகைக்கு விட்டார் மன்னர். குத்தகைப் பணத்தை அவர்கள் மன்னருக்குக் கட்ட வேண்டும். வெள்ளியை அவர்களே வாங்கி, காசு அடித்துப் புழக்கத்தில் விட வேண்டும். போர்ச் செலவு ஏறியது. மன்னர் குத்தகையை ஏற்றினார். குத்தகை ஏற ஏற, காசில் வெள்ளி இறங்கியது.

எதிரி அரசரின் முகத்தையும் பெயரையும் தாங்கிய அச்சுகளிலேயே காசுகள் அடிக்கப்பட்டன. ஆண்டு எண்ணும் பழையதுதான். 1753 என்று போருக்கு முந்திய ஆண்டைப் போட்டார்கள். பார்க்கிறவர்கள், 'இது நல்ல காலத்துக் காசு' என்று நம்பி வாங்க வேண்டும் அல்லவா?

ஒரு மார்க் வெள்ளிக்கு 14 தாலர் என்ற கணக்கு, முதலில் ஏறத்தாழ 20 ஆயிற்று. பிறகு 30 ஆயிற்று. போரின் கடைசி ஆண்டுகளில் 40ஐயும் எட்டியது. பெரிய தாலரில் அல்ல. எட்டு குரோஷன் போன்ற சிறிய காசுகளில்தான் இந்தக் கைவரிசை நடந்தது. ஏழை எளியவர் கையில் அன்றாடம் புரள்வது சிறிய காசுதானே!

வெள்ளி குறைந்த காசு செம்பு நிறம் காட்டிவிடும். அதனால், அமிலக் கரைசலில் போட்டு மேற்பரப்புச் செம்பை அரித்து எடுப்பார்கள். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு போல ஒளிரும். சில காலம் கை மாறியதும் தேய்ந்து, உள்ளே இருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பது மக்களுக்கு அப்போது புரியும். ஆனால், அதற்குள் அரிசியும் பருப்பும் வாங்க வேண்டிய கூலிப் பணம் அந்தக் காசாகவே கைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அடி விழுந்தது யாருக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குமாஸ்தாவுக்கு மாதம் 10 தாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல காலத்தில் அவர் கைக்கு 167 கிராம் வெள்ளி வந்தது. ஒரு மார்க்குக்கு 30 தாலர் என்று ஆனபோது, அதே சம்பளத்தில் இருந்த வெள்ளி 78 கிராம். 40 என்று ஆனபோது 58 கிராம்.

சம்பளச் சீட்டில் எண் மாறவில்லை. பத்து பத்தாகவே இருந்தது. ஆனால், கடைக்காரர் காசைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார். தராசில் போட்டு நிறுக்கிறார். "பழைய காசு இருந்தால் கொடு. புதுக் காசு என்றால் இரண்டு மடங்கு வேண்டும்" என்கிறார். விலைவாசி ஏறியது.

வியாபாரி விலையை ஏற்றிக்கொள்ளலாம். நிலம் உள்ளவர் தானியத்தை இருப்பு வைக்கலாம். பணக்காரர் பழைய தாலரைப் பானையில் போட்டுப் புதைக்கலாம். மாதச் சம்பளம், தினக்கூலி, ஓய்வூதியம் என்று எண்ணிக் கொடுக்கும் பணத்தை நம்பி வாழ்கிறவர் என்ன செய்வார்? முழு அடியும் அவர் முதுகில்தான் விழுந்தது.

மட்டக் காசு முதலில் பிரஷ்யாவுக்கு வெளியே, சாக்சனியிலும் போலந்திலும்தான் தள்ளப்பட்டது. ஆனால், காசுக்கு எல்லைக்கோடு தெரியுமா? போன வழியே திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த அன்ஹால்ட் பெர்ன்பர்க் போன்ற குட்டி அரசுகளும், 'பெரியவரே செய்கிறார். நாமும் செய்வோம்' என்று மட்டக் காசை அடித்துத் தள்ளின.

இந்த வழியில் பிரடெரிக்குக்குக் கிடைத்த லாபம் சுமார் 2 கோடியே 90 லட்சம் தாலர் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். சட்டம் போட்டு விதிக்காத வரி அது. யாரும் வீடு தேடி வந்து வசூலிக்காமலே, ஒவ்வொருவர் மடியிலிருந்தும் எடுக்கப்பட்ட வரி!

எய்தவன் இருக்க அம்பை நொந்தார்கள்

மக்கள் கொதித்தார்கள். ஆனால், யார் மீது? மன்னர் மீது அல்ல. அந்தக் காசுக்கு "எப்ரயீம் காசு" என்று குத்தகைக்காரரின் பெயரையே சூட்டினார்கள். அவரையும் அவர் இனத்தையும் கேலி செய்து பாட்டுக் கட்டினார்கள்.

எப்ரயீமும் அவர் கூட்டாளிகளும் இதில் பெரும் பணம் சேர்த்தார்கள் என்பது உண்மையே. ஆனால், எத்தனை வெள்ளி என்பதை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டவர் மன்னர். பெரும் பங்கை எடுத்துக்கொண்டவரும் மன்னர். பழி மட்டும் யூதர்களுக்கு! நல்ல தாலரை வெளியிட்ட அதே 1750ல்தான், யூதர்கள் பெர்லினில் யார் யார் வாழலாம், எத்தனை பிள்ளைகளுக்கு உரிமை என்றெல்லாம் கட்டுப்பாடு விதித்த சட்டத்தையும் பிரடெரிக் கொண்டு வந்தார். அரசர் தயவு இல்லாமல் ஒரு நாளும் வாழ முடியாத நிலையில் இருந்தவர்களை முன்னே நிறுத்திவிட்டு, அவர் பின்னே நின்றுகொண்டார்.

எப்ரயீம் 1760களில் கட்டிய மாளிகை பெர்லினில் புகழ்பெற்றது. 1936ல், நாஜி ஆட்சியில், சாலையை அகலப்படுத்துவதற்காக அது இடிக்கப்பட்டது. முகப்புக் கற்கள் மட்டும் எடுத்து வைக்கப்பட்டன. 1980களில் அதே கற்களைக் கொண்டு மாளிகை மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம்.

மீண்டும் பதினான்கு

1759ல் குனர்ஸ்டார்ப் போர்க்களத்தில் பிரடெரிக் படுதோல்வி அடைந்தார். 1760 அக்டோபரில் ரஷ்யரும் ஆஸ்திரியரும் பெர்லினுக்குள்ளேயே புகுந்து, கப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள். பிரடெரிக் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1762 ஜனவரியில் ரஷ்ய மகாராணி எலிசபெத் இறந்தார். அடுத்து வந்தவர் பிரடெரிக்கின் ரசிகர். உடனே சமாதானம் செய்துகொண்டார். 1763 பிப்ரவரி 15ந் தேதி ஹூபர்ட்டஸ்பர்க் ஒப்பந்தத்தோடு போர் ஓய்ந்தது.

போர் ஓய்ந்தது, பணக் கஷ்டம் ஓயவில்லை. அதே 1763ல் ஆம்ஸ்டர்டாமில் டி நூவில் என்ற பெரிய வங்கி முறிந்தது. அதைத் தொடர்ந்து ஹாம்பர்க்கிலும் பெர்லினிலும் வணிக நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. பெர்லினை எதிரிகள் பிடித்தபோது பேசிச் சமாளித்துக் கப்பத் தொகையைக் குறைத்த கோட்ஸ்கோவ்ஸ்கி என்ற வணிகரும் நொடித்துப்போனார். அவருடைய பீங்கான் தொழிற்சாலையை மன்னரே விலைக்கு வாங்கினார். அது இன்றும் பெர்லினில் நடக்கிறது.

1764ல் பிரடெரிக் மீண்டும் பழைய கணக்குக்குத் திரும்பினார். ஒரு மார்க் வெள்ளிக்குப் பதினான்கே தாலர்! மட்டக் காசுகள் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. ஆனால், முகமதிப்புக்கு அல்ல. உள்ளே இருக்கும் வெள்ளிக்கு ஏற்றபடிதான் விலை கிடைத்தது. எந்தக் காசுக்கு எவ்வளவு என்று பட்டியல்கள் வெளியாயின. போர்க் காலத்தில் ஒருமுறை ஏமாந்தவர், காசை மாற்றும்போது மீதியையும் இழந்தார்.

இருந்தாலும், இந்த முறை பிரடெரிக் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன் பிறகு 22 ஆண்டுகள் ஆண்டார். தாலரின் வெள்ளியில் கை வைக்கவில்லை. மூக்குப்பொடிக் கறை படிந்த பழைய சட்டையோடு சிக்கனமாக வாழ்ந்தார். 1786 ஆகஸ்டு 17ந் தேதி இறந்தபோது கஜானாவில் 5 கோடி தாலருக்கு மேல் இருந்தது. தொடக்க காலத் தாலரில் இளமையாகத் தெரிந்த முகம், கடைசி ஆண்டுகளின் தாலரில் கன்னம் ஒட்டிக் கிழடு தட்டியிருக்கும். முகம் மாறினாலும் எடை மாறவில்லை.

அவர் இறந்த பிறகும் அந்தப் "பதினான்கு" வாழ்ந்தது. 1838ல் டிரெஸ்டன் நகரில் கூடிய ஜெர்மன் அரசுகள், தாலர் வழங்கும் வட்டாரங்களுக்கெல்லாம் அதையே பொது அளவாக ஏற்றன. ஜெர்மனி ஒன்றுபட்டு மார்க் நாணயம் வந்த பிறகும், ஒரு தாலர் மூன்று மார்க்குக்குச் சமம் என்று 1907 வரை செல்லுபடியாயிற்று.

நம் ரூபாய்

போர் வந்தால் காசில் வெள்ளி குறைவது நாம் காணாததும் அல்ல. 1835ல் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த ரூபாய் ஒரு தோலா எடை. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1940ல், அது பாதி வெள்ளியாகக் குறைந்தது. 1947ல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்துவிட்டது. ஆனால், இங்கே பழைய ஆண்டைப் பொறித்து யாரையும் ஏமாற்றவில்லை. பகிரங்கமாக அறிவித்துத்தான் செய்தார்கள்.

இன்று எந்த நாட்டுக் காசிலும் வெள்ளியைத் தேட வேண்டாம். காகிதமும் கணக்கில் ஏறும் எண்ணுமே பணம். உருக்கிப் பார்த்து, 'இவ்வளவு குறைந்துவிட்டது' என்று காட்டவும் முடியாது. ஆனால், விலைவாசி ஏறி, சம்பளம் ஏறாமல் நின்றால், நடப்பது அன்று பெர்லின் குமாஸ்தாவுக்கு நடந்ததேதான். சீட்டில் எண் அப்படியே இருக்கும். பை மட்டும் பாதி நிரம்பும். பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் போராடியதன் நியாயமும் இதுதான். அவர்கள் கேட்டது கூடுதல் பணம் அல்ல, குறைந்துபோன வெள்ளியை!

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் இருக்கிறது: நாணயம். பிரடெரிக் நல்ல காசைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால், இடையில் எட்டு ஆண்டுகள் கூலிக்காரர் மடியிலிருந்து போன வெள்ளி திரும்பவில்லை.

போட்ஸ்டாம் நகரில், சான் சூசி அரண்மனைத் தோட்டத்தில், தம் வேட்டை நாய்களின் பக்கத்தில் தம்மைப் புதைக்க வேண்டும் என்பது பிரடெரிக்கின் விருப்பம். அது நிறைவேற 205 ஆண்டுகள் ஆயின. 1991ல்தான் அவர் உடல் அங்கே அடக்கம் செய்யப்பட்டது. இன்று அந்தக் கல்லறைக்குப் போகிறவர்கள் அதன் மேல் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு வருகிறார்கள். பஞ்சத்தைப் போக்க உருளைக்கிழங்கு பயிரிடும்படி 1756ல் அவர் போட்ட உத்தரவின் நினைவாக!

உருளைக்கிழங்கு உத்தரவு போட்டதும், மட்டக் காசுக்கு வழி வகுத்த போரைத் தொடங்கியதும் ஒரே ஆண்டில்தான். கல்லறைக்கு வருகிறவர்கள் கிழங்கை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் இருக்கும் செம்பு சிவந்த சிறு காசுகள் மற்றதை நினைவில் வைத்திருக்கின்றன.